ஜான் லெ காரே: உளவுத்துறை கொடுத்தது என்ன, அப்பா கொடுத்தது என்ன?

ஜான் லெ காரே 2020 டிசம்பர் 12 அன்று 89 வயதில் இறந்தபோது வந்த செய்திகள் பலவும் அவரை 'முன்னாள் உளவாளி' என்றுதான் அறிமுகப்படுத்தின. அவர் கதைகளைப் புதிதாகக் கையில் எடுக்கும் வாசகருக்குக் குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. பிரிட்டிஷ் உளவுத்துறையின் ரகசியக் கோப்புகளைப் பெயர் மாற்றி எழுதினார் என்று ஒரு சாரார் நம்புகிறார்கள். கொஞ்ச நாள் ஏதோ மேசை வேலை பார்த்தார், மற்றதெல்லாம் கற்பனை என்று இன்னொரு சாரார் சொல்கிறார்கள். இரண்டுமே தவறு.

அவர் உளவுத்துறையில் வேலை பார்த்தது உண்மை. ஆனால் முழுநேர வேலை ஆறு வருடம்தான், அதுவும் இளநிலை அதிகாரியாக. நாவல் எழுதியதோ கிட்டத்தட்ட அறுபது வருடம், மொத்தம் 25க்கும் மேல். ஆறு வருட வேலை அத்தனை கதைகளுக்குத் தீனி போட்டிருக்க முடியாது. வேறு எங்கிருந்து வந்தது என்று தேடினால், அவர் பிறந்த வீட்டு வாசலில் போய்த்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

முதலில் நாலு சொற்கள்

இந்தச் சொற்கள் புரியாமல் போனால் அவர் கதைகளில் பாதி கைநழுவிவிடும்.

1. எம்ஐ5, எம்ஐ6: பிரிட்டனில் இவை இரண்டும் தனித்தனி அமைப்புகள். நாட்டுக்குள் வேலை செய்யும் அந்நிய ஒற்றர்களையும் உள்நாட்டு ஆபத்துகளையும் கவனிப்பது எம்ஐ5. வெளிநாடுகளில் தகவல் திரட்டுவது எம்ஐ6. லெ காரே முதலில் எம்ஐ5லும் அப்புறம் எம்ஐ6லும் இருந்தார்.

2. அதிகாரியும் ஏஜென்ட்டும்: சினிமா பார்த்துப் பார்த்து இரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம். அதிகாரி என்பவர் அரசாங்கச் சம்பளம் வாங்குபவர். ஏஜென்ட் என்பவர் அந்த அதிகாரி பிடித்துப்போடும் ஆள்: எதிரி நாட்டு அலுவலகத்தில் வேலை செய்துகொண்டே அங்குள்ள தகவல்களைக் கடத்தித் தருபவர். மாட்டிக்கொண்டால் உயிர் போவது பெரும்பாலும் ஏஜென்ட்டுக்குத்தான். அதிகாரியை வெளியேற்றுவார்கள், அவர் ஊர் திரும்பிவிடுவார்.

3. அணி மாறியவர்: தன் நாட்டைக் கைவிட்டு எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தவர். வரும்போது தகவல்களோடு வருவார், அதனால் அவர் உண்மையிலேயே அணி மாறினாரா, அப்படி நடிக்க அனுப்பப்பட்டவரா என்ற கேள்வி கடைசிவரை தீராது.

4. மோல்: மண்ணுக்கடியில் வளை தோண்டும் அகழெலி. உளவுத்துறைக்கு உள்ளேயே, பல வருடங்களுக்கு முன்பே எதிரி நட்டு வைத்த ஆளுக்கு இந்தப் பெயர்.

இரண்டாவது சொல்லை மட்டும் இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஓர் அதிகாரியின் அன்றாட வேலை என்ன? யாரோ ஒருவரோடு நட்பாவது, அவர் மனக்குறையைக் கேட்பது, கடன் இருக்கிறதா, மனைவியோடு சண்டையா, மேலதிகாரி அவமானப்படுத்தினாரா என்று தெரிந்துகொள்வது, அவருடைய முழு நம்பிக்கையைப் பெறுவது, பிறகு அந்த நம்பிக்கையைப் பயன்படுத்தி அவரை ஆபத்துக்குள் அனுப்புவது. துப்பாக்கி அபூர்வம். இந்த வேலையை அரசாங்கம் கற்றுக்கொடுப்பதற்கு வெகு காலம் முன்பே லெ காரே அதைத் தினமும் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பணிக்காலம்: வருடக் கணக்கு

இயற்பெயர் டேவிட் கார்ன்வெல். 1931 அக்டோபர் 19 அன்று இங்கிலாந்தின் டார்செட் வட்டாரத்தில் உள்ள பூல் நகரில் பிறந்தார்.

1. 1948ல், 16 வயதில், ஷெர்போர்ன் பள்ளியிலிருந்து பாதியில் விலகி சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்துக்கு ஜெர்மன் படிக்கப் போனார். பிரிட்டிஷ் உளவுத்துறைக்காரர்கள் அவரை முதன்முதலில் சின்னச் சின்ன வேலைகளுக்குப் பயன்படுத்தியது அங்கேதான்.

2. 1950ல் கட்டாய ராணுவச் சேவை. ஆஸ்திரியாவில் ராணுவ உளவுப் பிரிவில் சேர்ந்தார். இரும்புத்திரை, அதாவது கம்யூனிஸ்ட் நாடுகளை மேற்கிலிருந்து பிரித்த எல்லை, தாண்டி மேற்கே வந்தவர்களை ஜெர்மனில் விசாரிப்பது வேலை.

3. 1952ல் ஆக்ஸ்ஃபோர்டின் லிங்கன் கல்லூரி. அங்கே இடதுசாரி மாணவர்களோடு பழகி எம்ஐ5க்குத் தகவல் கொடுத்தார். நண்பனாக அருகில் உட்கார்ந்து கேட்டதை அறிக்கையாக்கிய இந்த வேலை பிற்காலத்தில் அவரை உறுத்தியது.

4. முதல் வகுப்பில் தேறியபின் ஈட்டன் பள்ளியில் இரண்டு வருடம் ஆசிரியர். 1958ல் எம்ஐ5ல் முழுநேர அதிகாரி. ஏஜென்ட்டுகளைக் கவனிப்பது, விசாரணை, தொலைபேசி ஒட்டுக்கேட்பு.

5. 1960ல் எம்ஐ6. அன்றைய மேற்கு ஜெர்மனியின் தலைநகரான பானில், தூதரகத்தின் இரண்டாம் செயலாளர் என்ற பெயரில் இருந்தார். பிறகு ஹாம்பர்க். 1964ல் விலகினார்.

ஹீரோயிசத்துக்கு இதில் இடமே இல்லை. கோப்பு, அறிக்கை, காத்திருப்பு, பழைய கட்டடங்களின் குளிர். முதல் நாவலை அவர் எழுதியதே கிரேட் மிஸன்டன் என்ற ஊரிலிருந்து லண்டனுக்கு வேலைக்குப் போய்வரும் ரயிலில், சின்ன நோட்டுப் புத்தகங்களில். 'கால் ஃபார் தி டெட்' என்ற அந்தப் புத்தகம் 1961ல் வந்தது. பணியில் இருப்பவர்கள் சொந்தப் பெயரில் வெளியிடக்கூடாது என்பது விதி, அதனால் புனைபெயர். அந்தப் பெயரை எங்கே பிடித்தீர்கள் என்று எல்லோரும் கேட்க, பேருந்தில் போகும்போது ஒரு கடைப் பலகையில் பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது உண்மையில்லை என்று பின்னால் அவரே ஒப்புக்கொண்டார்.

ரோனி

இனிதான் விஷயத்துக்கே வருகிறோம். அப்பா ரோனி கார்ன்வெல் ஒரு மோசடிக்காரர். காப்பீட்டு மோசடிக்காகச் சிறை போனவர், பெரிய தொகைகளைக் கடன் வாங்கி ஊரை ஏய்த்தவர், லண்டன் நிழலுலகின் கிரே சகோதரர்களோடு பழக்கம் உள்ளவர். அதே ஆள் 1950 பொதுத் தேர்தலில் கிரேட் யார்மத் தொகுதியில் லிபரல் கட்சி வேட்பாளராகவும் நின்றார். சிறைக்குப் போன விஷயத்தை மறைத்துவிட்டு மேடை ஏறி நேர்மையைப் பற்றிப் பேசக்கூடியவர், கேட்பவர்களை நம்பவும் வைப்பவர்.

அந்த வீட்டில் வாழ்க்கை இரண்டு நிலையில்தான் இருக்கும். பணம் புரளும்போது பந்தயக் குதிரைகள், விருந்து, கார்கள். பணம் வற்றும்போது காரை வீட்டுக்குப் பின்னால் ஒளித்து நிறுத்தி, விளக்குகளை அணைத்துவிட்டு இருட்டில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள், கடன் கொடுத்தவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகும்வரை. வகுப்பில் பணக்கார வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும், அவர்களைப்போலவே பேச வேண்டும், ஆனால் கட்டணம் கட்டியாகவில்லை என்பது தனக்கு மட்டும் தெரியும். ஒரு கட்டத்தில் பள்ளிக் கட்டணத்துக்குப் பதிலாகக் கள்ளச்சந்தை உலர்பழங்களும் ஜின்னும் போனதாக அவரே நினைவுகூர்ந்திருக்கிறார்.

ஓர் உளவாளிக்குத் தேவையான மூன்றையும் அந்தப் பையன் வீட்டிலேயே கற்றுவிட்டான்:

1. வெளியே சொல்லும் கதையை ஒரு பிசகும் இல்லாமல் காப்பாற்றுவது. உளவுத்துறையில் இதற்கு 'கவர்' என்று பெயர்.

2. எதிரே நிற்பவர் எந்தப் பொய்யை நம்பத் தயாராக இருக்கிறார் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பது.

3. சொந்த வீட்டையே வேவு பார்ப்பது. அப்பா இன்று எந்த மனநிலையில் இருக்கிறார், வந்திருப்பவர் யார், மேசையில் கிடக்கும் கடிதம் என்ன சொல்கிறது என்றெல்லாம் தெரிந்துகொள்ளாமல் அங்கே பிழைக்க முடியாது.

பதின்ம வயதில் அப்பா அவனைத் தூது அனுப்பவும் செய்தார். பாரிஸில் இருந்த பனாமா நாட்டுத் தூதர் தர வேண்டிய பணத்தை வாங்கி வா என்று ஒரு முறை அனுப்பினார். பள்ளிச் சீருடை வயதில் இருக்கும் பையனிடம் இதைவிட நல்ல ஏஜென்ட் வேலையை எந்த உளவுத்துறையும் கொடுத்திருக்காது.

லெ காரேயின் நினைவில் பதிந்த ஒரு காட்சியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இவர் எழுத்து எப்படி வேலை செய்கிறது என்று புரியும். சின்னப் பையனாக அம்மா கையைப் பிடித்துக்கொண்டு எக்ஸெட்டர் சிறைக்கு வெளியே சாலையில் நின்று, மேலே ஜன்னலில் தெரிந்த அப்பாவுக்குக் கையசைத்தது அவருக்குத் தெளிவாக நினைவிருந்தது. பெரியவரான பிறகு அதை அப்பாவிடம் கேட்டார். ரோனி கொதித்துப் போனார், சுத்தக் கட்டுக்கதை என்றார். அங்கே இருந்தேன் என்பதை மறுக்கவில்லை, எக்ஸெட்டர் சிறையின் அறைகளிலிருந்து சாலையே தெரியாது என்பதுதான் அவர் வாதம். பொய்யையே தொழிலாகக் கொண்டவர் ஓர் உண்மையைச் சொல்லி மகனின் நினைவைப் பொய்யாக்குகிறார். நடந்ததா, நடக்கவில்லையா? மகன் கடைசிவரை அந்தக் காட்சியை விடவில்லை. அப்பா அங்கே நின்றதை நான் பார்த்தேன் என்றுதான் எழுதினார். எனக்கு அவருடைய மொத்த நாவல்களுக்கும் இந்தச் சிறு சம்பவம்தான் திறவுகோலாகப் படுகிறது. அவர் கதைகளில் வரும் விசாரணைகள் எல்லாமே இப்படித்தான் நடக்கும்: இருவருமே முழு உண்மை சொல்லாத ஓர் அறை, நடுவில் ஒரு நினைவு.

ரோனி 1975ல் இறந்தார். மகன் இறுதிச் சடங்குக்குப் பணம் கொடுத்தார், போகவில்லை. பிற்காலத்தில் அப்பாவைப் பற்றியும் தன்னைப் பற்றியும் விசாரிக்க இரண்டு துப்பறிவாளர்களைச் சம்பளத்துக்கு அமர்த்திப் பார்த்தார், பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. அப்பாவை முழுதாக எழுத அவர் இறந்தபின்பு மேலும் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. 'எ பெர்ஃபெக்ட் ஸ்பை' 1986ல் வந்தது. அதில் வரும் ரிக் பிம் அப்படியே ரோனி.

அம்மாவின் பெட்டி

அப்பாவைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். அம்மாவைப் போகிறபோக்கில் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள், அது சரியில்லை.

அம்மா ஒலிவ், டேவிட்டுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது ஓர் இரவு இரண்டு பிள்ளைகளையும் தூங்கவைத்துவிட்டு வீட்டைவிட்டுப் போய்விட்டார். யாரும் காரணம் சொல்லவில்லை. 21 வயதில்தான் டேவிட் அவரைத் தேடிக் கண்டுபிடித்து இப்ஸ்விச் ரயில் நிலையத்தில் சந்தித்தார். அம்மா இறந்த பிறகு, அவர் வீட்டில் ஒரு வெள்ளைத் தோல் பெட்டி கிடைத்தது, உள்ளே பட்டு உறை தைத்தது. அன்றிரவு அவர் எடுத்துக்கொண்டு போன பெட்டி அது. அதை மகன் கடைசிவரை வைத்திருந்தார்.

இந்த ஒரு பெட்டியை மனதில் வைத்துக்கொண்டு அவர் நாவல்களில் வரும் ஜார்ஜ் ஸ்மைலி என்ற உளவு அதிகாரியின் மனைவி ஆன் என்பவரைப் பாருங்கள். முதல் நாவலின் முதல் பக்கங்களிலேயே அவர் கணவனை விட்டுப் போயாகிவிட்டது. அதன்பின் எத்தனை நாவல் வந்தாலும் அவர் போய்க்கொண்டே இருக்கிறார், ஸ்மைலி காத்துக்கொண்டே இருக்கிறார். எதிரி ஒற்றனைக் கண்டுபிடிக்கத் தெரிந்த மனிதருக்குத் தன் வீட்டுப் பெண் ஏன் போனார் என்று மட்டும் தெரியாது. இதை உளவுத்துறைக் கோப்பிலிருந்து யாரும் எடுக்க முடியாது.

1961: சுவர்

சரி, அப்படியானால் உளவுத்துறை என்னதான் கொடுத்தது? வீட்டில் பட்ட காயத்துக்கு அது ஓர் உலகத்தைக் கொடுத்தது: பெயர்கள், தெருக்கள், எல்லைச் சாவடிகள், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சுவர்.

1961 ஆகஸ்ட் 13 அன்று கிழக்கு ஜெர்மனி பெர்லினைப் பிரித்து வேலி போட ஆரம்பித்தது, முள்கம்பி பிறகு சுவரானது. பானில் இருந்த கார்ன்வெல் அதைப் போய்ப் பார்த்தார். அந்த அதிர்ச்சியும் கோபமும் சேர்ந்து சில வாரங்களிலேயே ஒரு நாவலாக வந்தது. கதாநாயகனின் உருவம் மட்டும் வேறு இடத்தில் கிடைத்தது. லண்டன் விமான நிலையத்தில் ஒரு மதுக்கூடத்தில், களைத்துப்போன ஒருவர் தன் பையிலிருந்து பல நாட்டுச் சில்லறைகளை ஒரு கைப்பிடி அள்ளி மேசையில் அறைந்து ஒரு பெரிய ஸ்காட்ச் கேட்டாராம். அவ்வளவுதான், அந்த ஆள் யார் என்றே தெரியாது. அலெக் லீமஸ் என்ற பாத்திரம் அங்கே பிறந்தது. சில்லறையைக்கூடப் பிரித்து வைக்கத் தெம்பில்லாத அந்த அலுப்புதான் அந்த நாவலின் சுருதி.

1963ல் 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்டு' வெளிவந்தது. கதையைச் சொல்லிவிடவில்லை, இதை மட்டும் சொல்கிறேன்: லீமஸ் அணி மாறியவராக நடிக்க அனுப்பப்படுகிறார், ஆனால் அந்த நாடகம் எதற்காக என்று அவரை அனுப்பியவர்கள் அவரிடமே உண்மையைச் சொல்லவில்லை. அதுவரை மேற்கத்திய உளவுக் கதைகளில் பெரும்பாலும் நம் பக்கம் நல்லது, எதிர்ப்பக்கம் கெட்டது. இங்கே இரண்டு பக்கமும் ஒரே கருவிகளைக் கையாள்கின்றன, நடுவில் நசுங்குவது ஒரு மனிதரும் ஒரு பெண்ணும்.

எம்ஐ6 ஏன் அனுமதித்தது, உலகம் ஏன் நம்பியது?

இது பலருக்கும் உள்ள சந்தேகம். ரகசியம் என்றால் எப்படி அச்சிட விட்டார்கள்? அதிகாரிகள் கையெழுத்துப் பிரதியைப் படித்துப் பார்த்து, இது முழுக்கக் கற்பனை, எந்த நிஜ நடவடிக்கையோடும் ஒட்டவில்லை என்று முடிவு செய்துதான் விட்டார்கள். நிஜமாக இருந்திருந்தால் புத்தகம் வெளியே வந்தே இருக்காது. வெளியே வந்தது என்பதே கற்பனை என்பதற்குச் சாட்சி. இந்தத் தர்க்கத்தை லெ காரே பலமுறை எடுத்துச் சொன்னார், யாரும் காதில் வாங்கவில்லை.

ஏன் வாங்கவில்லை என்பதற்கு ஒரு வலுவான காரணம் உண்டு. அன்று பிரிட்டிஷ் அரசாங்கம் இந்த அமைப்புகளைப் பற்றி வாயே திறக்காது. எம்ஐ5ஐச் சட்டப்படி அங்கீகரித்தது 1989ல், எம்ஐ6ஐ 1994ல். அதாவது அவர் நாவல்கள் உச்சத்தில் விற்ற முப்பது வருடமும் அரசுக் கணக்குப்படி எம்ஐ6 என்று ஒன்று இல்லவே இல்லை. அரசு மௌனம் சாதிக்கும்போது, உள்ளே இருந்து வந்தவர் எழுதும் நாவலைத்தான் ஜனங்கள் ஆவணமாக எடுத்துக்கொள்வார்கள். அந்தத் தவறுக்கு வாசகரைக் குறை சொல்ல முடியாது.

புத்தகம் உலகமெங்கும் விற்று, புனைபெயருக்குப் பின்னால் இருப்பவர் யார் என்றும் வெளியே தெரிந்தபின் மறைவாக வேலை பார்ப்பது நடக்காத காரியம். 1964ல் முழுநேர எழுத்தாளர் ஆனார். அதன்பிறகும் பல வருடங்கள், நான் வெறும் தூதரக அதிகாரி என்றே சொல்லி வந்தார்.

கிம் ஃபில்பி என்ற காயம்

லெ காரே பணியில் இருந்த வருடங்கள் பிரிட்டிஷ் உளவுத்துறைக்கு மிக அவமானமான வருடங்கள். 1961ல் எம்ஐ6 அதிகாரி ஜார்ஜ் பிளேக் சோவியத் ஒற்றர் என்று பிடிபட்டு 42 வருடச் சிறைத்தண்டனை பெற்றார். 1963 ஜனவரியில் கிம் ஃபில்பி பெய்ரூட்டிலிருந்து மறைந்து மாஸ்கோவில் போய் நின்றார். ஃபில்பி சாதாரண ஆள் இல்லை. கேம்பிரிட்ஜில் படித்தவர், எம்ஐ6ல் சோவியத் எதிர்ப்புப் பிரிவுக்கே தலைவராக இருந்தவர். திருடனைப் பிடிக்கும் பொறுப்பே திருடன் கையில் இருந்தது.

ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கச் சொல்கிறார் வள்ளுவர், ஒற்றாடல் அதிகாரத்தில். அந்த இன்னோர் ஒற்றனே விலைபோனவன் என்றால்? 1974ல் வந்த 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' முழுவதும் இந்தக் கேள்விதான். உச்சியில் இருக்கும் நாலைந்து பேரில் ஒருவர் மோல். ஓய்வுபெற்ற ஸ்மைலி, அலுவலகத்துக்குள் நுழையாமலே, பழைய கோப்புகளையும் பழைய ஆட்களின் நினைவுகளையும் வைத்துக்கொண்டு அவரைத் தேடுகிறார். பில் ஹேடன் என்ற பாத்திரத்துக்கு ஃபில்பிதான் மூலம் என்பதில் ரகசியம் இல்லை. ஆனால் நாவலில் ஹேடன் நாட்டைக் காட்டிக்கொடுத்ததைவிட நண்பனைக் காட்டிக்கொடுத்ததுதான் நெஞ்சில் தைக்கிறது. ஃபில்பி விவகாரத்தைப் பத்திரிகையில் படித்த எவரும் முதலாவதை எழுதியிருக்கலாம். இரண்டாவதை எழுத, எல்லோரையும் மயக்கும் ஒரு மனிதரை நேசித்து ஏமாந்த அனுபவம் வேண்டும், அது அவருக்கு ஐந்து வயதிலிருந்தே உண்டு.

1987ல் மாஸ்கோ போனபோது, ஃபில்பியைச் சந்திக்கிறீர்களா என்று கேட்டார்கள். லெ காரே மறுத்துவிட்டார். எந்த எழுத்தாளரும் ஓடிப்போய் உட்கார்ந்திருக்கக்கூடிய வாய்ப்பு அது. அந்த மறுப்பில் ஒரு பழைய அதிகாரியின் கோபத்தோடு, இந்த மாதிரி ஆளின் கவர்ச்சி எப்படி வேலை செய்யும் என்று நன்றாகத் தெரிந்த ஒரு மகனின் ஜாக்கிரதையும் இருந்தது என்றுதான் நான் வாசிக்கிறேன்.

ஸ்மைலி யார்?

குள்ளம், குண்டு, பொருந்தாத விலை உயர்ந்த சட்டை, டையின் நுனியால் மூக்குக்கண்ணாடி துடைக்கும் பழக்கம். ஒரே ஆளைப் பார்த்து வரைந்ததில்லை. இரண்டு பேரின் சாயல் அதிகம்.

1. விவியன் கிரீன்: ஷெர்போர்ன் பள்ளியில் மத குருவாகவும் ஆசிரியராகவும் இருந்தவர், பின்னர் லிங்கன் கல்லூரியின் தலைவரானவர். ஸ்மைலியின் அறிவும் அமைதியும் அவருடையது.

2. ஜான் பிங்கம்: எம்ஐ5ல் லெ காரேயின் மூத்த சகா, தானும் குற்றக்கதைகள் எழுதியவர், இளைஞரான இவரை எழுதத் தூண்டியவர். பிங்கமுக்கு அந்த நாவல்கள் பிடிக்கவில்லை, தன் துறையைக் கேவலப்படுத்துவதாக நினைத்து வருந்தினார். லெ காரே அவர்மேல் வைத்த மரியாதையைக் கடைசிவரை விடவில்லை.

எனக்குத் தோன்றும் மூன்றாவது ஒன்றும் உண்டு. ஸ்மைலி ரோனிக்கு நேர் எதிர். ரோனி அழகாகப் பேசுவார், ஸ்மைலி பேசவே மாட்டார், கேட்பார். ரோனி கூட்டத்தின் நடுவில் நிற்பார், ஸ்மைலி சுவரோரம். கிடைக்காத அப்பாவை ஒரு மனிதர் தானே செய்துகொண்டார் என்று சொன்னால் மிகையாகாது.

சொற்களில் எது அசல்?

ஸ்மைலியின் அலுவலகத்துக்கு 'சர்க்கஸ்' என்று பெயர். கதைப்படி அது லண்டனின் கேம்பிரிட்ஜ் சர்க்கஸ் சந்திப்பில் இருப்பதால் அப்படி. நிஜத்தில் எம்ஐ6 அங்கே இருந்ததில்லை. வேவு வேலைக்குத் துணை செய்வோரை 'விளக்கேற்றுவோர்' என்றும், முரட்டு வேலை செய்வோரை 'தலைத்தோல் வேட்டைக்காரர்' என்றும் நாவலில் அழைப்பதெல்லாம் அவர் கற்பனை. 'மோல்' என்ற சொல் சோவியத் உளவுத்துறைக்குள் புழங்கியது என்று அவர் சொன்னார், ஆனால் அதைப் பொதுமக்கள் வாய்க்குக் கொண்டுவந்தது அவர் நாவல்தான். பிறகு நடந்ததுதான் விசேஷம்: அவர் இட்டுக்கட்டிய சில சொற்களை நிஜ உளவுத்துறையினரே எடுத்துப் பேச ஆரம்பித்தார்கள்.

சுவர் விழுந்த பிறகு

1989 நவம்பரில் பெர்லின் சுவர் திறந்தபோது, இனி லெ காரே எதை எழுதுவார் என்று கேட்டார்கள். அவர் எதை எழுதி வந்தார் என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டவர்களின் கேள்வி அது. பெரிய அமைப்புகள் தனி மனிதரின் விசுவாசத்தை எப்படித் தின்கின்றன என்பதே அவர் விஷயம், அதற்குச் சுவர் தேவையில்லை. 'தி நைட் மேனேஜர்' ஆயுத வியாபாரத்தை எடுத்தது. 2001ல் வந்த 'தி கான்ஸ்டன்ட் கார்டனர்' ஆப்பிரிக்க ஏழைகள்மேல் மருந்துகளைச் சோதிக்கும் பெரிய கம்பெனிகளை எடுத்தது. 2003 ஜனவரியில், இராக் போருக்கு முன்பே, லண்டன் டைம்ஸில் அமெரிக்காவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று வெளிப்படையாகக் கட்டுரை எழுதினார்.

இந்தக் காலத்தில் அவர் கதைகளுக்கு உளவுத்துறை நினைவுகள் உதவவில்லை, கால்கள் உதவின. அதற்கு ஒரு பழைய தவறு காரணம். 'டிங்கர் டெய்லர்' எழுதும்போது ஹாங்காங் காட்சி ஒன்றை இங்கிலாந்தில் உட்கார்ந்தே எழுதினார், பாத்திரங்கள் படகில் கடலைக் கடப்பதாக. பிறகு ஹாங்காங் போய் இறங்கினால் கடலுக்கடியில் சுரங்கப்பாதை போட்டு, வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவசரமாகத் திருத்தி அனுப்பினார். காலால் மிதிக்காத இடத்தை இனி எழுதுவதில்லை என்று அன்று முடிவு செய்தார். கம்போடியா, லெபனான், பனாமா, கென்யா என்று போனதெல்லாம் அதனால்தான். 'தி லிட்டில் டிரம்மர் கேர்ள்' எழுத பாலஸ்தீனத் தலைவர் யாசர் அரஃபாத்தையே போய்ச் சந்தித்தார். கம்போடியாவில் அறிமுகமான இவெட் பியர்பவோலி என்ற நிவாரணப் பணியாளர் 1999ல் அல்பேனியாவில் விபத்தில் இறந்தார், 'தி கான்ஸ்டன்ட் கார்டனர்' அவருக்குச் சமர்ப்பணம்.

அரசாங்கப் பட்டங்களை வாங்க மறுத்தார். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகிய பிரெக்ஸிட் அவரைக் கசப்பாக்கியது, பாட்டி வழி வேரைக் காட்டி கடைசி நாட்களில் அயர்லாந்துக் குடியுரிமை பெற்றார்.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

கேட்பவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது:

1. முதலில் 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்டு'. சின்னப் புத்தகம், நேரடியான கதை, மேலே சொன்ன விஷயங்களில் பலவும் அதிலேயே பழகிவிடும்.

2. அப்புறம் 'டிங்கர் டெய்லர்'. முதல் நூறு பக்கம் யார் யாரென்று தலை சுற்றும். ஒரு தாளில் பெயர்களைக் குறித்துக்கொண்டு படியுங்கள், விட்டுவிடாதீர்கள்.

3. அதன்பின் 'எ பெர்ஃபெக்ட் ஸ்பை'. ரோனியைப் பற்றித் தெரிந்துகொண்டு இதைப் படிப்பதும் தெரியாமல் படிப்பதும் வேறு வேறு.

4. கடைசியாக 2016ல் அவர் எழுதிய நினைவுக் குறிப்புகள், 'தி பிஜன் டனல்'. அந்தத் தலைப்புக்குக் காரணமான காட்சியை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன். பதின்ம வயதில் அப்பா அவரை மான்டி கார்லோ சூதாட்டக் கூடத்துக்கு அழைத்துப் போனார். பக்கத்தில் துப்பாக்கி சுடும் மைதானம். கூடத்தின் கூரையில் வளர்த்த புறாக்களைப் புல்தரைக்கு அடியில் உள்ள இருண்ட சுரங்கக் குழாய்களில் விடுவார்கள். தத்தித் தத்தி வெளிச்சத்தைத் தேடிப்போய் அவை கடலுக்கு மேலே பறக்கும், அங்கே துப்பாக்கியோடு ஆட்கள் காத்திருப்பார்கள். குண்டு படாமல் தப்பிய புறாக்கள் தங்களுக்குத் தெரிந்த ஒரே இடத்துக்குத் திரும்பி வரும், அதாவது அதே கூரைக்கு. தான் எழுதிய ஏறக்குறைய எல்லா நாவலுக்கும் ஏதோ ஒரு கட்டத்தில் 'புறாச் சுரங்கம்' என்றுதான் தற்காலிகத் தலைப்பு வைத்திருந்ததாக லெ காரே எழுதியிருக்கிறார்.